ஜன்னலின் இடது மூலை

வேதியியல் டீச்சர் செய்த தவறு ஒன்றே ஒன்று. தன் யோசனையைத் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். சொல்லாமல் செய்திருந்தால் ஒரே பாடவேளையில் காரியம் முடிந்திருக்கும், பிள்ளைகளுக்கும் நாலு விஷயம் மண்டையில் ஏறியிருக்கும். ஆனால் அவள் தற்காலிக ஆசிரியை. தற்காலிகமாக இருப்பவர்களுக்குத் தும்மல் வந்தால்கூட யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தும்முகிற பழக்கம் வந்துவிடுகிறது.

யோசனை எளியது. அரையாண்டுத் தேர்வில் அவளுடைய வகுப்பு வேதியியலில் குப்புற விழுந்திருந்தது. தனிமம், சேர்மம், கலவை என்ற மூன்றையும் பிள்ளைகள் வாய்க்கு வந்தபடி மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள். ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தாக வேண்டும். கரும்பலகையில் எழுதிப் போட்டால் தூங்குவார்கள். அதனால் வகுப்பறைக்குள் சில பொருட்களை ஒளித்துவைத்து, ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்துத் தேட விடலாம் என்று நினைத்தாள். 'ஒரு தனிமத்தைக் கண்டுபிடி, அது ஏன் தனிமம் என்று சொல்.' 'ஒரு கலவையைக் கண்டுபிடி, அதை எப்படிப் பிரிப்பாய் என்று சொல்.' ஓர் இரும்பு ஆணி, கொஞ்சம் செம்புக் கம்பி, ஒரு பொட்டலம் உப்பு, கண்ணாடி டம்ளரில் உப்புக்கரைசல், ஊதிய பலூன். எல்லாம் வீட்டுச் சமையலறையிலும் தெருமுனைக் கடையிலும் கிடைப்பவை.

இந்த அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வகுப்பில் ஒரு பெண். வருகைப் பதிவில் அவளுக்கு வேறு பெயர். பள்ளிக்கூடம் முழுக்க அவளைக் 'கேள்வி' என்றுதான் கூப்பிடும். எதைச் சொன்னாலும் ஏன் என்பாள். விடைத்தாளில் யாரும் கேட்காத காரணத்தையெல்லாம் 'ஏனென்றால்' போட்டு எழுதுவாள், நேரம் போதாமல் பாதிக் கேள்விகளைத் தொடாமலே விட்டுவிடுவாள். அரையாண்டில் வேதியியலில் மட்டும் தோற்றுப்போனாள். மறுநாளே அவளுடைய அம்மா, சட்டை தைக்கும் ஆலையின் அடையாள அட்டை கழுத்தில் தொங்க, பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"இவளுக்குப் படிப்பு வரலைன்னா சொல்லிடுங்க டீச்சர். எங்க ஆலையில பொத்தான் வைக்கிற இடத்துக்கு ஆள் கேக்குறாங்க. இவ அக்காவும் அங்கதான் இருக்கா."

"வருதும்மா. நல்லாவே வருது. ஆண்டுப் பரீட்சை வரைக்கும் பொறுங்க, நான் பாத்துக்கறேன்."

"அதுலயும் போயிட்டா?"

"போகாது."

"போயிட்டா நான் கூட்டிட்டுப் போயிடுவேன் டீச்சர். அப்புறம் வந்து கேக்கக் கூடாது."

டீச்சர் சரி என்று தலையாட்டினாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்பது அம்மா தெருமுனை திரும்பியதும் புரிந்தது. 

தலைமை ஆசிரியர் யோசனையைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுக்கொரு புதுமையைச் செய்துகாட்ட வேண்டும் என்பது கல்வித் துறையின் கட்டளை. போன ஆண்டு அவர் காட்டிய புதுமை, பிள்ளைகள் வரிசையில் நின்று தண்ணீர் குடிப்பது. அதற்கு முந்தைய ஆண்டு, வரிசையில் நிற்காமல் குடிப்பது. இந்த ஆண்டு என்ன செய்வது என்று தெரியாமல் மனிதர் இளைத்துக்கொண்டிருந்தார்.

"இது தேடல் வழிக் கற்றல் டீச்சர்" என்றார்.

"இல்ல சார், சும்மா ஒரு விளையாட்டுதான்."

"விளையாட்டுன்னு வெளிய சொல்லிடாதீங்க. விளையாட்டுக்குத் தனித் துறை இருக்கு. கோவிச்சுக்குவாங்க."

அன்றே தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். கூரை ஒழுகுகிறது என்று அவர் முன்பு எழுதியதற்கு இன்றுவரை பதில் இல்லை. இதற்குப் பதில் அந்த வாரமே வந்தது. துறையின் இயக்குநர் நேரில் வந்து பார்வையிடுவார். அதற்கு முன் மேற்பார்வையாளர் வந்து, பார்வையிடத் தக்க நிலையில் எல்லாம் இருக்கிறதா என்று பார்வையிடுவார்.

மேற்பார்வையாளர் கையில் அளவு நாடாவோடு வந்தார். எதை அளப்பதற்கு என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மேசைமேல் பரப்பியிருந்த பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"ஆணி கூர்மையா இருக்கே."

"ஆணி சார். அப்படித்தான் இருக்கும்."

"கூர் இல்லாத ஆணியா பாத்து வைங்க. இது என்ன கம்பி?"

"செம்பு சார். தனிமத்துக்கு உதாரணம்."

"இதுல கரண்ட் பாயும்."

"இப்ப கரண்ட் எதுவும் இல்லையே சார்."

"இப்ப இல்ல. நாளைக்கு வந்தா நீங்களா பொறுப்பு?" செம்புக் கம்பி ஓரமாக வைக்கப்பட்டது. உப்புப் பொட்டலத்தைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. "உப்பு உடம்புக்கு ஆகாது டீச்சர். எனக்கே டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்கார். பொட்டலம் இருக்கட்டும், உள்ள இருக்கிறதைக் கொட்டிடுங்க." உப்புக்கரைசல் மட்டும் பிழைத்துக்கொண்டது. பார்க்கத் தண்ணீர் போலவே இருந்ததால் அதில் குற்றம் சொல்ல அவருக்கு எதுவும் அகப்படவில்லை. கடைசியில் பலூனிடம் வந்தார்.

"இதுக்குள்ள என்ன?"

"காத்து சார். பல வாயுக்கள் சேர்ந்த கலவை."

"எங்க வாங்கினீங்க?"

"வாங்கல சார். நான்தான் ஊதினேன்."

மேற்பார்வையாளர் பலூனை மெதுவாகக் கீழே வைத்தார். "அப்போ இது உங்க சொந்தக் காத்து. தனிப்பட்ட உடைமையைப் பள்ளிக்கூடத்துல பயன்படுத்த அனுமதி கிடையாது. அதுவும் நீங்க தற்காலிகம். நாளைக்கு உங்களை நிறுத்திட்டா இந்தக் காத்துக்கு யார் கணக்கு சொல்றது?"

நிரந்தரப் பணியில் இருக்கும் ஒருவரின் மூச்சுதான் செல்லும் என்று முடிவாயிற்று. தலைமை ஆசிரியர் ஊதினார். ஓய்வு பெறப் போகும் வயது. ஊதி முடித்ததும் பெஞ்சில் உட்கார வைத்து விசிறினார்கள். பலூன் எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்திருந்தது, ஆனால் விதிப்படி வந்திருந்தது.

அதன் பிறகுதான் டீச்சர், இவற்றையெல்லாம் ஒளித்துவைக்கப் போவதாகச் சொன்னாள்.

"ஒளிக்கிறதா?" மேற்பார்வையாளருக்கு அதிர்ச்சி. "வளாகத்துக்குள்ள எந்தப் பொருள் இருந்தாலும் அது எங்க இருக்குன்னு எழுதி ஒட்டியிருக்கணும். அது விதி."

"எழுதி ஒட்டிட்டா அப்புறம் எப்படி சார் தேடுவாங்க?"

"அது அவங்க திறமை டீச்சர். அதுல நாங்க தலையிட மாட்டோம்."

பெயர்ப்பலகை எழுதுபவர் வரவழைக்கப்பட்டார். 'தனிமம் (கூர் இல்லாத ஆணி): அலமாரியின் மேல் தட்டில் ஒளித்துவைக்கப்பட்டுள்ளது.' 'கலவை (உப்புக்கரைசல்): ஜன்னலின் இடது மூலையில் ஒளித்துவைக்கப்பட்டுள்ளது.' கண் தெரியாதவர்களும் தடுக்கி விழும் அளவுக்குப் பெரிய பலகைகள், ஒவ்வொன்றிலும் சிவப்பு அம்புக்குறி. டீச்சர் எழுதி வைத்திருந்த துண்டுச் சீட்டுகளை யாரும் கேட்கவில்லை. அவை அவள் கைப்பையிலேயே கிடந்து கசங்கின.

இயக்குநர் வரும்போது பிள்ளைகள் தடுமாறிவிடக் கூடாது என்று தலைமை ஆசிரியர் ஒத்திகைக்கு ஏற்பாடு செய்தார். வேதியியல் டீச்சரிடம் விட்டால் அவள் வேதியியலுக்குள் போய்விடுவாள் என்று அவருக்குச் சந்தேகம். அதனால் ஒத்திகை, உடற்கல்வி ஆசிரியரிடம் போனது. அவர் தேடுதலை நாலு விசிலாகப் பிரித்தார். முதல் விசிலுக்கு இடப்பக்கம் பார்க்க வேண்டும். இரண்டாவதுக்கு வலப்பக்கம். மூன்றாவதுக்கு நெற்றியில் கைவைத்து யோசிக்க வேண்டும். நாலாவதுக்கு ஓடிப்போய்ப் பொருளைத் தூக்கிப் பெயரைச் சொல்லிச் சிரிக்க வேண்டும். சிரிப்பு ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

"தனிமம்?" என்று கத்துவார்.

"அலமாரி மேல் தட்டு!" என்று வகுப்பு கத்தும்.

"கலவை?"

"ஜன்னல் இடது மூலை!"

காலையில் இரண்டு பாடவேளை, மாலையில் இரண்டு. கணக்கும் வரலாறும் தங்கள் பாடவேளைகளைத் தியாகம் செய்தன. மூன்றாம் நாள் கேள்வி கையைத் தூக்கினாள்.

"சார், அந்த டம்ளர்ல இருக்கிறது ஏன் கலவை? உப்பே ஒரு சேர்மம்தானே, தண்ணியும் சேர்மம். ரெண்டும் சேர்ந்தா ஏன் புதுச் சேர்மம் ஆகலை?"

உடற்கல்வி ஆசிரியர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். இருபது ஆண்டு அனுபவத்தில் நடுவே ஒருவர் இப்படிப் பேசி அவர் பார்த்ததில்லை. விஷயம் தலைமை ஆசிரியரிடம் போனது. பார்வையிடும் நாளில் சந்தேகம் கேட்கும் பிள்ளைகளைக் கண்ணில் படாத இடத்தில் வைப்பது எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் உள்ள வழக்கம்தான். விழாவுக்காக வாடகைக்கு எடுத்த பூந்தொட்டிகள் நடைக்கூடத்தில் இறங்கியிருந்தன. கேள்வி அவற்றுக்குக் காவல் வைக்கப்பட்டாள். வேதியியல் டீச்சருக்கும் உள்ளே வேலை இல்லை, வரவேற்புரை எழுதச் சொல்லிவிட்டார்கள். அவளும் வந்து தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் தொட்டி மண்ணில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கலக்கிவிட்டுத் தெளிய வைத்தாள் டீச்சர். மணல் அடியில் தங்கியது, சருகு மேலே மிதந்தது. "சேர்ந்துதான் இருந்துச்சு, ஆனா ஒண்ணும் மாறலை பாத்தியா?" என்றாள். மறுநாள் தேநீர் போடும் அடுப்பில் ஒரு சின்னப் பாத்திரத்தை வைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த உப்புக்கரைசலைக் கொதிக்க விட்டாள். தண்ணீர் முழுக்கப் போனதும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. கேள்வி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு திரும்பி வந்துருச்சு டீச்சர்."

"அதான். சேர்மமா மாறியிருந்தா இவ்ளோ சுலபமா திரும்பி வராது. குழாயில துரு இருக்கே, அதைக் கொதிக்க வெச்சா இரும்பு வருமா?"

"வராது. ஏன்னா அது இரும்பு இல்ல, வேற ஆயிடுச்சு."

டீச்சருக்கு அழுகை வரும்போல இருந்தது. எத்தனை நாளாயிற்று ஒரு பிள்ளை இப்படிச் சொல்லிக் கேட்டு. உள்ளேயிருந்து விசில் சத்தமும் "ஜன்னல் இடது மூலை" என்ற முழக்கமும் வந்துகொண்டிருந்தன. மற்ற பிள்ளைகளை விட்டுவிட அவளுக்கு மனமில்லை. மதிய இடைவேளையில் இரண்டு பேரைப் பிடித்து, கலவை என்றால் என்ன என்று கேட்டுப் பார்த்தாள். இரண்டு பேரும் இடப்பக்கம் பார்த்தார்கள், வலப்பக்கம் பார்த்தார்கள், நெற்றியில் கைவைத்துக்கொண்டார்கள்.

இயக்குநர் வந்த நாளில் ஒரு சின்னச் சிக்கல். அவர் உட்காருவதற்கென்று அலுவலகம் அனுப்பியிருந்த சோபா வகுப்பறைக் கதவுக்குள் நுழையவில்லை. நேராகத் தூக்கினார்கள், பக்கவாட்டில் சாய்த்தார்கள், மேற்பார்வையாளரின் அளவு நாடா அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயன்பட்டது. கதவைப் பெயர்க்கலாமா, சோபாவின் கையை அறுக்கலாமா என்று பேச்சு நடந்தது. இயக்குநரின் கார் வளாகத்துக்குள் திரும்பிவிட்டதால் சோபாவைக் கூட்ட அரங்கில் போட்டு, வகுப்பையும் அங்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். பூந்தொட்டிகளும் போயின. ஆணி, பலூன், டம்ளர், அலமாரி, பலகைகள் எல்லாம் வகுப்பறையிலேயே தங்கிவிட்டன. கூட்ட அரங்கில் அலமாரி இல்லை. ஜன்னலும் இல்லை.

டீச்சர் தலைமை ஆசிரியரின் சட்டையைப் பிடித்து இழுக்காத குறை. "சார், பொருளெல்லாம் அங்கயே இருக்கு."

"பேசாம இருங்க டீச்சர். விசில் ஊதியாச்சு."

பிள்ளைகள் இடப்பக்கம் பார்த்தார்கள். வலப்பக்கம் பார்த்தார்கள். நெற்றியில் கைவைத்தார்கள். நாலாவது விசிலுக்கு வகுப்புத் தலைவன் ஓடிப்போய் வெறுஞ்சுவர் முன்னால் நின்றான். ஜன்னல் இருந்தால் அதன் இடது மூலை எங்கே இருக்குமோ அங்கே கையை நீட்டி, ஒரு டம்ளர் அளவு காற்றை, தளும்பிவிடாமல் பதமாகத் தூக்கினான். "கலவை" என்று சொல்லிச் சிரித்தான். இன்னொருத்தி இல்லாத அலமாரியின் மேல் தட்டை எட்டிப்பிடிக்க நுனிக்காலில் நின்றாள். ஒருவருடைய சிரிப்பும் அளவு தவறவில்லை.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். கைதட்டல் கேட்டுத்தான் திறந்தாள். இயக்குநர் சோபாவிலிருந்து எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒலிபெருக்கியை வாங்கினார்.

"நான் வேதியியல் படித்தவன் அல்ல. ஆகவேதான் அதை நடுநிலையோடு பார்க்க என்னால் முடிகிறது. நான் மாணவனாக இருந்த காலத்தில் இருக்கிற பொருளைத்தான் தேடினோம். இருக்கிற பொருளைக் கண்டுபிடிப்பதில் என்ன பெருமை இருக்கிறது? இந்தக் குழந்தைகள் இல்லாத பொருளைக் கண்டுபிடித்ததை இன்று என் கண்ணாலேயே பார்த்தேன். உடைவதற்குக் கண்ணாடி இல்லை, சிந்துவதற்குத் தண்ணீர் இல்லை, துறைக்குச் செலவும் இல்லை. அறிவியலில் நம்மைத் தடுத்துக்கொண்டிருந்தவை பொருட்கள்தான் என்பது எனக்கு வெகுநாளாகவே சந்தேகம். இன்று தெளிந்தது."

மேற்பார்வையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு வாரத்துக்குள் எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை போனது. இந்தத் தேடல் வேட்டை இதே முறையில், இதே இடங்களில், பொருட்கள் இல்லாமலேயே தினமும் நடத்தப்பட வேண்டும். ஜன்னல் இல்லாத பள்ளிகள் சுவரில் ஜன்னல் வரைந்துகொள்ளலாம். முன்னோடியான டீச்சருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் வந்தது. தற்காலிகப் பணியும் இன்னோர் ஆண்டுக்கு நீண்டது. பாடம் நடத்த ஒரே ஒரு பாடவேளை வேண்டும் என்று அவள் கேட்டபோது, பாடம் முழுவதும் நூறு சதவீதம் திருப்பிப் பார்க்கப்பட்டுவிட்டதாக மேலே அறிக்கை போய்விட்டது, இனி நடத்தினால் அறிக்கை பொய்யாகிவிடும் என்றார் தலைமை ஆசிரியர்.

ஆண்டுத் தேர்வு வந்தது. வேட்டை நடந்த பாடத்திலிருந்து ஒரே ஒரு கேள்விதான் வந்திருந்தது. 'கலவைக்கு ஓர் எடுத்துக்காட்டு தருக.' இரண்டு மதிப்பெண். நாடு முழுக்க அறைகளில் பிள்ளைகள் இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தார்கள். காப்பியடிக்கிறார்களோ என்று கண்காணிப்பாளர்கள் பயந்தார்கள். அதற்குள் எல்லாரும் நெற்றியில் கைவைத்துவிட்டு எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஜன்னலின் இடது மூலை.

விடைத்தாள் திருத்தத் தொடங்கும் முன்பே இது தெரிந்துபோய், விடைக்குறிப்புக் குழு அவசரமாகக் கூடியது. தவறு என்று போட்டால் இத்தனை பிள்ளைகள் தவறு, இயக்குநரின் திட்டமும் தவறு. இத்தனை பேர் ஒரே மாதிரி எழுதியிருக்கும்போது அது எப்படித் தவறாக இருக்க முடியும் என்று ஒருவர் கேட்டார். உப்புக்கரைசல் என்று எழுதியவர்களுக்கும் சேர்த்துப் போட்டுவிடலாமே என்று இன்னொருவர் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தார்.

"ஒரு கேள்விக்கு ரெண்டு சரியான விடை இருந்தா பிள்ளைங்க குழம்பிடுவாங்க" என்றார் இயக்குநர். "குழம்புறது யாரு, கொஞ்சப் பேர்தானே? அவங்க அடுத்த வருஷம் தெளிஞ்சு வரட்டும்."

விடைக்குறிப்பு அச்சாகி வந்தது. ஜன்னலின் இடது மூலை, இரண்டு மதிப்பெண். 'ஜன்னல்' என்று மட்டும் எழுதினால் ஒன்று.

திருத்தும் முகாமுக்கு டீச்சரையும் போட்டிருந்தார்கள். தெரிந்த பிள்ளைகளின் தாள் தெரிந்தவர் கைக்குப் போய்விடக் கூடாது என்று கட்டுகளை ஊர் ஊராகச் சுற்ற விட்டார்கள். சுற்றிச் சுற்றி, புறப்பட்ட ஊருக்கே அவை வந்து சேர்ந்திருந்தன. பெரிய மண்டபம், வரிசையாக மேசைகள், ஒவ்வொருவர் கையிலும் சிவப்புப் பேனா. நீலப் பேனா உள்ளே கொண்டுவரக் கூடாது என்று வாசலிலேயே பையைச் சோதித்தார்கள். வருகைக் கையெழுத்துக்காக மட்டும் எழுத்தரின் மேசையில் ஒரு நீலப் பேனா நூலால் கட்டித் தொங்கியது.

டீச்சர் திருத்திக்கொண்டே வந்தாள். மூலைக்கு இரண்டு, மூலைக்கு இரண்டு என்று கை தானாகப் போட்டது. ஒரு தாளைப் பிரித்ததும் கை நின்றது. தேர்வு எண் மறைக்கப்பட்டிருந்தது. ஆனால் முதல் விடையிலேயே 'ஏனென்றால்' இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. வழக்கம்போலக் கடைசிப் பக்கக் கேள்விகள் தொடப்படவே இல்லை. கலவைக்கான இடத்தில் இப்படி எழுதியிருந்தது: 'உப்புக்கரைசல். ஏனென்றால் உப்பும் தண்ணீரும் சேர்ந்த பிறகும் தங்கள் குணத்தை விடவில்லை. கொதிக்க வைத்தால் உப்பு திரும்பி வந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன்.'

டீச்சர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பெருமையாக இருந்தது, அடுத்த நொடியே பயமாக இருந்தது. மற்றதையெல்லாம் கூட்டிப் பார்த்தாள். முப்பத்து மூன்று. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து. விரலை வைத்து வைத்து இன்னொரு தடவை கூட்டினாள், முப்பத்து மூன்றுதான். பொத்தான் வைக்கும் இடத்தில் இன்னும் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தாளை எடுத்துக்கொண்டு முதன்மைத் தேர்வாளரின் மேசைக்குப் போனாள். நரைத்த தலை, ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி.

"சார், இது சரியான விடை."

அவர் படித்தார். "சரியான விடைதான் டீச்சர். நல்லாவே எழுதியிருக்கா. ஆனா குறிப்புல இல்லையே."

"புத்தகத்துல இருக்கு சார்."

"புத்தகம் படிக்கிறதுக்கு. திருத்துறதுக்குக் குறிப்புதான்."

"இதுக்கு எப்படி சார் முட்டை போடுறது? நீங்களும் கெமிஸ்ட்ரிதானே?"

"முப்பது வருஷமா கெமிஸ்ட்ரி." அவர் குரல் தாழ்ந்தது. "இந்த ஒண்ணுக்கு நான் மார்க் போட்டா மேல கேப்பாங்க. குறிப்பு தப்பான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லணும். என் பென்ஷன் காகிதம் அவங்க மேசையிலதான் இருக்கு. குறிப்புல உள்ள வார்த்தை விடையில இருந்தா போடலாம். இல்லைன்னா நான் என்ன பண்ண முடியும்? கொண்டு போங்க."

டீச்சர் தாளோடு நடந்தாள். தன் மேசைக்குப் போகும் வழியில் எழுத்தரின் மேசை இருந்தது, எழுத்தர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். பேனாவை இழுத்தாள். நூல் கெட்டியாக இருந்தது. இன்னும் பலமாக இழுத்தாள், அறுந்தது.

தன் இடத்தில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துகள் வலப்பக்கம் சாயும், சுழி பெரிதாக இருக்கும். விடைக்கு மேலே ஒரு வரி இடம் காலியாக இருந்தது. வெட்கமாக இருந்தது, திருட்டுக்கு வெட்கப்பட்டதைவிட எழுதப்போகும் வார்த்தைகளுக்கு அதிகமாக வெட்கப்பட்டாள். எழுத்தைச் சாய்த்து, சுழியைப் பெரிதாக்கி, 'ஜன்னலின் இடது மூலையில் உள்ள' என்று எழுதினாள். அதற்குக் கீழே, அந்தப் பெண் எழுதியது எழுதியபடியே இருந்தது.

மறுபடியும் போய் நின்றாள். "ஒரு வரியைக் கவனிக்காம விட்டுட்டேன் சார். குறிப்புல உள்ளது இருக்கு."

முதன்மைத் தேர்வாளர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு படித்தார். அந்த வரியின் மேல் கட்டைவிரலை வைத்து எடுத்தார். விரலில் நீலம் ஒட்டியிருந்தது. அதைக் கைக்குட்டையில் நிதானமாகத் துடைத்துவிட்டு, சிவப்புப் பேனாவால் இரண்டு என்று போட்டு வட்டமிட்டார். கூட்டுத்தொகையை அவரே திருத்தினார். முப்பத்தைந்து.

டீச்சர் தாளுக்காகக் கையை நீட்டினாள். அவர் தரவில்லை. மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, தன் மேசையின் இழுப்பறையைப் பாதி திறந்தார். அதற்குள் சில விடைத்தாள்கள் தனியாக எடுத்து வைக்கப்பட்டிருந்தன.

"காலையில இருந்து வந்தது எல்லாம். ஒரு பையன் காத்துன்னு எழுதியிருக்கான், ஒரு பொண்ணு கடல் தண்ணின்னு எழுதியிருக்கு" என்றார். "என்ன பண்றதுன்னு தெரியாம எடுத்து வெச்சிருந்தேன். அந்தப் பேனாவை இப்படிக் குடுங்க டீச்சர்."

கொடுத்தாள். அவர் முதல் தாளை எடுத்து, அந்தப் பிள்ளையின் எழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று குனிந்து பார்க்க ஆரம்பித்தார். டீச்சர் திரும்பியபோது, அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று ஆசிரியர்கள் கையில் விடைத்தாளோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.